மொழி தெரியாத நாட்டுக்கு மிஷனரியாகப் போகும் கணவன் மனைவிக்கு எது கஷ்டமாக இருக்கும்?

தங்கையும் அவர் கணவரும் சபை ஊழியத்துக்காக வெளிநாடு போகிறார்கள், அந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, எப்படிச் சமாளிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மிஷனரி இல்லை, எங்களுடையது சைவ வீடு. ஆனால் அப்படி இங்கே வந்த ஒரு தம்பதிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால், வந்தவர்களை எதிரிலிருந்து பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

எங்கள் ஊர் பொறையாறு, தரங்கம்பாடிக்குப் பக்கம். அப்பா தமிழ் வாத்தியார். 1976-ல் ஸ்வீடனிலிருந்து அவர்கள் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கம் லுத்தரன் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அதனால் அவர் ஐயர், அந்தம்மா ஐயரம்மா. வெயில், காரம், கொசு, உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர் எல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

அப்பா நெற்றி நிறையத் திருநீற்றோடு பாடம் நடத்தப் போவார். முதல் நாளே ஆற்று மணலைக் கொண்டுவரச் சொல்லித் திண்ணையில் பரப்பி, எங்களைப் போன்ற பிள்ளைகள் நாலு பேரோடு அவர்கள் இருவரையும் உட்கார வைத்து, விரலால் அ எழுதச் சொன்னார். இது அவர் கண்டுபிடித்த முறை இல்லை. 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு இப்படித்தான் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். அவரும் கூட வந்த புளூட்சோவும் முதலில் படித்தது போர்த்துகீசியம், ஏனென்றால் அங்கிருந்த டேனிஷ்காரர்களின் கோட்டையைச் சுற்றி வியாபாரமெல்லாம் அதில்தான் நடந்தது. அதோடு நின்றிருந்தால் கோட்டைக்காரர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்திருப்பார். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளுக்குச் சொல்வதையே தனக்கும் சொல்லச் சொன்னதால்தான் 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடிக்க முடிந்தது. அவர் மனைவி மரியா டோரத்தியா 1716-ல் இங்கே வந்தார், 1719 பிப்ரவரியில் சீகன்பால்கு இறந்தபோது அவருக்கு வயது 36 தான். வந்து இரண்டரை வருடத்தில் அந்தப் பெண் விதவை. அப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஐயரம்மா தலையைக் குனிந்துகொள்வார்.

மணல் பாடம் கொஞ்ச நாளில் நின்றுபோய், ஐயருக்கு மேசை, நாற்காலி, நன்னூல் என்று பாடம் மாறியது. வேகமாகப் படித்தார், அதில்தான் சிக்கல் ஆரம்பித்தது. யாராவது ஐயரம்மாவிடம் ஏதாவது கேட்டால், அவர் வாயைத் திறக்குமுன் ஐயர் பதில் சொல்லிவிடுவார். உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் நாலு மாதத்தில் அந்தம்மா பேசுவதையே விட்டுவிட்டார், சிரித்துக்கொண்டு சும்மா நிற்பார். ஒருநாள் அம்மா பொறுக்காமல், "ஐயா, நீங்க கொஞ்சம் இருங்க, அவங்க சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து பத்து மணிக்கு அவரை எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி அடுப்படியில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஐயரம்மா ஸ்வீடனின் வடகோடியைச் சேர்ந்தவர். அந்தப் பக்கம் ஆமாம் என்று சொல்ல, உதட்டைக் குவித்து மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள், பதில் அவ்வளவுதான். அம்மாவுக்கு அது தெரியாது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஒரு இழுப்பு, வெயில் ஜாஸ்தியா என்றால் ஒரு இழுப்பு. அம்மா இது இரைப்பு வியாதி என்று முடிவு கட்டி, வேலியில் படர்ந்திருந்த தூதுவளையைப் பறித்து ரசம் வைத்து, மூன்று நாள் எதிரிலேயே நின்று குடிக்க வைத்தார். அந்தம்மாவும் மறுக்கத் தெரியாமல் குடித்தார். நாலாம் நாள் ஐயர் வந்து விளக்கியபோது இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து ஐயரம்மா அம்மாவைக் கூப்பிடுவதில் திருமதி போய் அக்கா வந்தது.

உறவுமுறை அவருக்குச் சுலபமாக வந்ததும் எங்களுக்கு ஆச்சரியம். ஸ்வீடிஷில் அம்மாவின் அம்மா மூர்மூர், அப்பாவின் அம்மா ஃபார்மூர், அப்படியே எங்கள் அம்மாயி, அப்பாயி மாதிரி. தாய்மாமனுக்குத் தனிச் சொல், அப்பாவின் தம்பிக்குத் தனிச் சொல். அவர் தடுமாறியது நாம், நாங்கள் என்ற இடத்தில். அவர்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஐயருக்கு அப்பா இதைக் கரும்பலகையில் எழுதியே விளக்கினார்: கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். பரமண்டல ஜெபத்தைக்கூட உதாரணம் காட்டினார். "எங்கள் பிதாவே" என்றுதான் இருக்கிறது, "நம் பிதாவே" என்றில்லை, ஏனென்றால் பேச்சு பிதாவிடம், அவரையும் பிள்ளைகள் கணக்கில் சேர்க்க முடியாது. ஐயர் அதை நோட்டில் குறித்துக்கொண்டு இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

1977 நவம்பர் 12, நாகப்பட்டினம் புயல். எங்களுடையது ஓட்டு வீடு, ஓடுகள் பறக்கத் தொடங்கியதும் அவர்கள் பங்களாவுக்கு ஓடினோம். தண்ணீர் ஓரளவு வடிந்த பிறகு அம்மா வயலைப் பார்க்கக் கிளம்ப, நானும் அவர்கள் இருவரும் கூடவே போனோம். ஆறு மா நிலத்தில் சம்பா நெல், தூர் கட்டி நின்ற பயிர். வரப்பே தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் பழுப்புத் தண்ணீர், நடுவில் யார் வீட்டுக் கூரையோ ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஐயர் அம்மாவைப் பார்த்து, "உங்கள் வயலுக்கு நேர்ந்த இழப்புக்காக நாங்கள் மிகவும் வருந்துகிறோம்" என்றார். ஒரு பிழை கிடையாது. அம்மா "சரிங்கய்யா" என்றார். ஐயரம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையில் அகப்பட்ட நாலு தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம பயிரு போச்சேக்கா" என்றார். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, அவர் தோளில் சாய்ந்து அப்படி அழுதார்.

அடுத்த பாடத்தில் ஐயர் அப்பாவிடம் கேட்டார், "நிலம் எங்களுடையது இல்லையே, அவள் சொன்னது இலக்கணப்படி சரியா" என்று. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரிங்க. நாளையிலிருந்து நீங்களும் அடுப்படிக்கு வாங்க" என்றார். வந்தார், வந்து காய் நறுக்கினார். அதற்கப்புறம்தான் அவர் தமிழ் பேசினார் என்று நான் சொல்வேன். வரப்பில் ஏரோடு போகிறவரைப் பார்த்து "தாங்கள் எங்கு செல்கின்றீர்கள்" என்று கேட்டு, அந்த மனிதர் பதறிப்போய்த் துண்டை இடுப்புக்கு இறக்குவதெல்லாம் நின்றது.

ஆகவே தங்கையிடம் இதைச் சொல்லுங்கள்: இருவரும் ஒரே மேசையில் ஒரே வாத்தியாரிடம் மட்டும் படிக்க வேண்டாம். தினம் இரண்டு மணி நேரமாவது ஆளுக்கொரு வீட்டில், பிள்ளைகளும் பெண்களும் வேலை செய்துகொண்டே பேசும் இடத்தில் இருக்கட்டும். மாப்பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொண்டால் சந்தோஷம், ஆனால் அவளுக்காக அவர் பதில் சொல்லக்கூடாது, அவள் முந்திக்கொண்டால் அவளும் அவருக்காகச் சொல்லக்கூடாது. திக்கினாலும் பரவாயில்லை, கேட்கிறவர்கள் காத்திருப்பார்கள். இந்த ஒன்றில் மட்டும் அவர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

அவர்கள் 1981-ல் ஊர் திரும்பினார்கள். அம்மா இருந்தவரை வருடா வருடம் ஜூன் கடைசியில் ஐயரம்மாவிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வரும். நலமா என்று கேட்பதற்கு முன்னால், மேட்டூர் திறந்தாச்சா, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்துச்சா என்றுதான் இருக்கும்.

எந்த நாட்டுக்குப் போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மலேசியா, இந்தோனேசியா பக்கம் என்றால் அங்கேயும் நாம், நாங்கள் போலவே கித்தா, காமி என்று இரண்டு உண்டு. பாப்புவா நியூகினி என்றால் அங்கே பேசும் டோக் பிசின் மொழியில் யூமி, மிபேலா. தமிழ் பேசி வளர்ந்தவளுக்கு இது தனியாகப் படிக்க வேண்டிய பாடமே இல்லை, முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேறு நாடு என்றால் பெயரை எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.