பல் டாக்டர் என்றாலே அலறும் ஐந்து வயதுக் குழந்தையை எப்படிப் பழக்குவது?

மகளுக்கு ஐந்து வயது, கடைவாய்ப் பல்லில் சொத்தை, கிளினிக் வாசலைத் தாண்டவே மாட்டேன் என்கிறாள், கையைக் காலைப் பிடித்தாவது செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முகம் வீங்கியிருந்தாலோ, பல்வலியோடு காய்ச்சல் இருந்தாலோ இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம்; இன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பிடித்து அமுக்குகிற பேச்சே வேண்டாம். இந்தத் தடவை ரெண்டு பேர் பிடித்தால் அடுத்த தடவை நாலு பேர் வேண்டியிருக்கும்.

என் மகனுக்கும் இதே வயதில் இதே கதைதான். பயம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அவன் அதுவரை பல் டாக்டரைப் பார்த்ததே கிடையாது. "சாப்பிடலேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்" என்று ஆச்சி தினமும் ஊட்டிவிட்டதுதான். எங்கள் ஊர்ப் பக்கம் சோற்றோடு சேர்த்து ஊட்டுகிற மிரட்டல் இது. உங்கள் வீட்டிலும் யாராவது சொல்கிறார்களா என்று பாருங்கள், முதலில் அதை நிறுத்துங்கள். பெரியவர்களிடம் நியாயம் பேசி நிறுத்த முடியாது என்பது உங்களுக்கே தெரியும். நாங்கள் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போனோம்.

அதுதான் பெரிய உதவியாகவும் ஆனது. ஆச்சிக்குப் பல்செட் உறுத்திக்கொண்டிருந்தது. அதைக் காட்டுகிற சாக்கில் நாற்காலியில் முதலில் அவர் ஏறினார். செட்டைக் கழற்றி டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, பொக்கை வாயோடு பேரனைப் பார்த்துச் சிரித்தார். கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றவன் பக்கத்தில் வந்துவிட்டான். ஆச்சி வாய்க்குள் என்ன செய்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தான். அன்றைக்கு அவனை யாரும் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியை ஏற்றி இறக்குகிற பட்டனை அமுக்க விட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த முறை அவன் பல்லை எண்ண மட்டும் செய்தார்கள். அந்த டாக்டரம்மா எதையும் வாயில் வைப்பதற்கு முன்னால் கையில் காட்டினார். காற்றடிக்கிற குழாயை உள்ளங்கையில் ஊதிக் காட்டினார். சுற்றுகிற பிரஷை அவன் கட்டைவிரல் நகத்தில் வைத்து "கூசுதா?" என்று கேட்டார். அப்புறம்தான் பல். "சொல், காட்டு, செய்" என்கிற இந்த முறையை அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1959-இல் எழுதினார். குழந்தைப் பல் மருத்துவம் படிப்பவர்களுக்கு இன்றும் இதுதான் பாலபாடம். உங்கள் டாக்டர் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்குவாரா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். "முதல் நாள் சும்மா பார்க்க மட்டும் வரலாமா, நான் உள்ளே இருக்கலாமா" என்று கேட்டாலே பதிலில் ஆள் தெரிந்துவிடும். முடிந்தால் பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டம் முடித்து, குழந்தைகள் பல் மருத்துவத்தில் மூன்று வருடம் எம்டிஎஸ் என்ற மேற்படிப்பும் படித்தவராகப் பாருங்கள். தனியாரில் செலவு கட்டுப்படியாகாது என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. சென்னையில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும்.

வீட்டில் நீங்கள் என்ன சொல்லி அழைத்துப்போகிறீர்கள் என்பதும் முக்கியம். "வலிக்கவே வலிக்காது" என்று சத்தியம் செய்யாதீர்கள். லேசாகச் சுருக்கென்றாலும் போச்சு, அதற்கப்புறம் உங்களை நம்பமாட்டாள். "சத்தம் வரும், கூசும், நீ இடது கையைத் தூக்கினா டாக்டர் நிறுத்திருவாங்க" என்று சொல்லலாம், டாக்டரிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். என் மகன் சும்மாவே கையைத் தூக்கிச் சோதித்துப் பார்த்தான். நிஜமாகவே நிறுத்தினார்கள். அதற்கப்புறம் தூக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டுப் பசியும் தூக்கமுமாக இருக்கும்போது கூட்டிப்போகாதீர்கள், காலை நேரம் நல்லது. போய்வந்தால் சாக்லேட் என்று ஆசை காட்டுவது எனக்குப் பிடிக்காத விஷயம், எதற்குப் போகிறோம் என்பதே கெட்டுவிடும்.

இதற்கிடையில் யாராவது "விழுகிற பால்பல்தானே, விடு" என்பார்கள். முன்பல்லுக்கு வேண்டுமானால் ஓரளவு சரி. கடைவாய்ப் பால்பற்கள் விழ பொதுவாகப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும். அதுவரை மெல்ல வேண்டும், கீழே வரப்போகிற நிலைப்பல்லுக்கு இடமும் பிடித்துவைக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். அதேசமயம் சொத்தை என்றதும் டிரில்தான் என்று நீங்களும் பயப்பட வேண்டாம். சொத்தை நரம்பைத் தொடவில்லையென்றால் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவியே அது பரவாமல் நிறுத்தப் பார்க்கலாம். தடவிய இடம் கறுத்துப்போகும், கடைவாயில் யார் பார்க்கப்போகிறார்கள். சில பற்களுக்கு ராவாமலே ஸ்டீல் தொப்பி மாட்டுகிற முறையும் உண்டு. மகனுக்கு அதுதான் மாட்டினார்கள். வகுப்பில் எல்லோரிடமும் வாயைத் திறந்து "இரும்புப் பல்" என்று காட்டிக்கொண்டு திரிந்தான். உங்கள் மகளுக்கு எது ஒத்துவரும் என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் டாக்டர் சொல்ல முடியும்.

ஊசி போட வேண்டியே வந்தால், முதலில் ஈறில் மரத்துப்போகிற ஜெல் தடவச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு ரெண்டு மூணு மணி நேரம் உதடு மரத்தே இருக்கும். குழந்தைகள் அதை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், சாயங்காலம் உதடு வீங்கி நிற்கும். மரப்பு விடும்வரை சாப்பிடக் கொடுக்காமல், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.