சோறு குறைத்து இளைத்த உடம்பு, அப்படியே நிற்குமா?

வாசகர் கேள்வி – பதில்

பேலியோ, கீட்டோ, லோ-கார்ப் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னாலும் அடிப்படை ஒன்றுதான்: அரிசி, கோதுமை, சர்க்கரையைக் குறைத்து, புரதத்தையும் கொழுப்பையும் கூட்டுவது. 'எப்படி ஆரம்பிப்பது' என்று கேட்டவர்கள் குறைவு. 'இளைத்துவிட்டேன், இனி என்ன செய்வது' என்று கேட்டவர்களே அதிகம். அந்தக் கேள்விகளுக்குத்தான் இந்த இதழில் கூடுதல் இடம்.

முதல் பத்து நாளில் மூன்றரை கிலோ இறங்கியது. அடுத்த மூன்று வாரத்தில் ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. ஏதாவது தப்பு செய்கிறேனா?
– வாசகி, ஈரோடு

ஒரு தப்பும் இல்லை. முதல் பத்து நாளில் போனதில் பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்கின்றன. பெரியவர் ஒருவர் உடம்பில் இது ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் இந்த இருப்பு கரைந்து, கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே தள்ளுகிறது. முதல் வாரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, கால் பிடிப்பு வருவதும் இதனால்தான். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்கள் ஒரு டம்ளர் மோரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டு இரண்டு வேளை குடித்தால் தெளிந்துவிடும்.

அடுத்த மூன்று வாரத்தில் குறைந்த அந்த ஒரு கிலோதான் உண்மையான கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 21 நாளில் கரைந்தது என்றால் தினம் 360 கலோரிக்கு மேல் குறைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள். நல்ல வேகம். முதல் பத்து நாளை மறந்துவிட்டு இந்த வேகத்தையே உங்கள் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். பலர் மனம் தளர்ந்து நிறுத்துவது சரியாக இந்தக் கட்டத்தில்தான்.

எட்டு மாதத்தில் 14 கிலோ குறைத்தேன். பிறகு பழையபடி சோறு சாப்பிட ஆரம்பித்து நான்கு மாதத்தில் 6 கிலோ ஏறிவிட்டது. என் உடம்பின் மெட்டபாலிசமே கெட்டுவிட்டதா? இந்த டயட் யாருக்குமே நிலைக்காதா?
– வாசகர், தூத்துக்குடி

கெட்டுவிடவில்லை. ஆனால் மாறியிருக்கிறது, அதைப் புரிந்துகொள்ளாமல் திரும்பவும் ஆரம்பித்தால் திரும்பவும் ஏறும்.

ஏறிய 6 கிலோவில் ஒன்றரை முதல் 2 கிலோ வரை முன்பு போன அதே கிளைகோஜனும் தண்ணீரும்தான். அதைக் கழித்தால் கொழுப்பு 4 கிலோ. 120 நாளில் 4 கிலோ என்பது தினமும் சுமார் 260 கலோரி கூடுதல், அதாவது 200 கிராம் சோறு. நீங்கள் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டிருக்க வேண்டியதே இல்லை. முன்பு உங்கள் எடையை ஏற்றாமல் வைத்திருந்த அளவே இப்போது மிகை. ஒரு கிலோ குறைந்தால் உடம்பு செலவழிக்கும் சக்தி நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. 14 கிலோவுக்கு அது 280 முதல் 420 கலோரி. இதற்கு நேர்மாறாகப் பசி கூடுகிறது: ஒரு கிலோவுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்கு என்பது ஆய்வாளர்கள் கணக்கு. ஆஸ்திரேலியாவில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துப் பரிசோதித்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தும், போதும் என்று சொல்லும் லெப்டின் தாழ்ந்தும்தான் இருந்தன. 'எனக்கு மனவுறுதி இல்லை' என்று தன்னையே நொந்துகொள்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பசி உண்மையானது.

நிலைக்குமா என்பதற்கு ஆய்வுகள் தரும் பதிலை மறைக்காமல் சொல்கிறோம். 2003-ல் அமெரிக்காவில் 63 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் உடல் எடையில் 7 சதவீதம் இழந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் 3.2 சதவீதம்தான். ஓராண்டு முடிவில் அது 4.4-க்கு 2.5 என்று நெருங்கி, சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லாமல் போனது. இஸ்ரேலில் 322 பேரை இரண்டு ஆண்டு கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் மாவுச்சத்துக் குறைப்பால் சராசரியாக 4.7 கிலோ குறைந்தது. ஆறாண்டு கழித்துப் பார்த்தபோது 1.7 கிலோதான் மிஞ்சியது. 2018-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 609 பேர். ஓராண்டில் லோ-கார்ப் குழுவுக்கு 6 கிலோ, லோ-ஃபேட் குழுவுக்கு 5.3 கிலோ. ஆனால் இரண்டு குழுவிலுமே இருபது கிலோவுக்கு மேல் இறக்கியவர்களும் உண்டு, ஏறியவர்களும் உண்டு. எந்தச் சத்தைக் குறைத்தோம் என்பதைவிட, குறைத்த விதத்திலேயே எத்தனை ஆண்டு சாப்பிட முடிந்தது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

லோ-கார்ப்பின் பெரிய பலம், முதல் ஆறு மாதம் பசி அடங்கியிருப்பது. பெரிய பலவீனம், அதிலிருந்து வெளியே வரும் வழியை யாரும் சொல்லித்தராதது. 'டயட் முடிந்தது' என்று ஒரே நாளில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதில்தான் எல்லாம் போகிறது. திரும்புவதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். இப்போது நாளுக்கு 50 கிராம் மாவுச்சத்து எடுக்கிறீர்கள் என்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 கிராம் மட்டும் கூட்டுங்கள். 25 கிராம் என்பது 90 கிராம் சோறு, அல்லது இரண்டு இட்லி, அல்லது 35 கிராம் மாவில் போட்ட ஒரு சப்பாத்தி, அல்லது நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்று. இவற்றில் ஒன்றுதான், எல்லாமும் அல்ல! மாவுச்சத்தைக் கூட்டும்போது எண்ணெய், தேங்காய், நெய்யைக் குறைக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. கொழுப்பை அப்படியே வைத்துக்கொண்டு சோற்றையும் சேர்ப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை.

கூட்ட ஆரம்பித்ததும் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும். அது தண்ணீர், பயப்பட வேண்டாம். அது ஏறி நின்ற பிறகு தினமும் காலையில் கழிவறை போய்வந்ததும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எழுதி வையுங்கள். சராசரி நிலையாக இருந்தால் அடுத்த படி. ஏறிக்கொண்டே போனால் முந்தைய படிக்குத் திரும்பிவிடுங்கள். உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் பலருக்கு மாவுச்சத்து 120 முதல் 150 கிராமுக்குள் ஓர் இடத்தில் எடை நிற்கும். உங்கள் எல்லையை உங்கள் தராசுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். தண்டால், தோப்புக்கரணம், பத்து லிட்டர் குடத்தைத் தூக்கி இறக்குவதுகூடப் போதும். புரதமும் தசைப்பயிற்சியும் இல்லாமல் இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும்.

வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறேன். எனக்கென்று தனியாக எடை போட்டுச் சமைக்க நேரமில்லை. அளவை எப்படிப் பிடிப்பது?
– வாசகி, திருப்பூர்

தனிச் சமையல் வேண்டாம். ஒருநாள் மட்டும் சமையல் தராசு ஒன்றை எடுத்து, நீங்கள் வழக்கமாகப் பரிமாறும் கரண்டியால் சோற்றை அள்ளி நிறுத்துப் பாருங்கள். தலைதட்டிய 200 மில்லி கிண்ணத்தில் ஏறக்குறைய 150 கிராம் சோறு பிடிக்கும். அதில் மாவுச்சத்து 42 கிராம். சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று மூன்று முறை வாங்கினால் சாதாரணமாக 400 கிராம் சோறு உள்ளே போகிறது. மாவுச்சத்து 110 கிராமைத் தாண்டும். நீங்கள் செய்யவேண்டியது சோற்றை முதலில் வைக்காமல் கடைசியில் வைப்பது. தட்டில் பாதி பொரியலோ கூட்டோ, கால் பங்கு முட்டை, மீன், பன்னீர் அல்லது கெட்டிப் பருப்பு. இவற்றைச் சாப்பிட்ட பிறகு ஒரே ஒரு கிண்ணம் சோறு. இதே வரிசையில் சாப்பிட்டால் உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவதும் குறையும்.

காபி, டீயையும் எண்ணுங்கள். 100 மில்லி பாலில் 5 கிராம் மாவுச்சத்து, இரண்டு டீஸ்பூன் சர்க்கரையில் 8 கிராம். நாளுக்கு நான்கு முறை குடித்தால் 52 கிராம், ஒரு கிண்ணம் சோற்றைவிட அதிகம். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அரிசிக்குப் பதில் தினை, சாமை, கேழ்வரகு சாப்பிட்டால் லோ-கார்ப் ஆகிவிடுமா?
– வாசகர், தருமபுரி

ஆகாது. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சிறுதானியங்களில் 60 முதல் 70 கிராம் வரை. நார்ச்சத்து சற்றுக் கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். அதற்காகச் சாப்பிடலாம், அளவு மட்டும் சோற்றின் அளவேதான். கேழ்வரகுக் கூழை 'டயட்' என்று நினைத்துச் சொம்பு சொம்பாகக் குடிப்பவர்களுக்கு எடை குறையாததன் காரணம் இதுதான்.

நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. தினம் 100 பாதாம் சாப்பிடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?
– வாசகி, மயிலாடுதுறை

100 பாதாம் சுமார் 120 கிராம் வரும். அதில் 690 கலோரி, 25 கிராம் புரதம், 60 கிராம் கொழுப்பு. ஒரு வேளை சாப்பாட்டுக்கு மாற்றாக எடுத்தால் கணக்கு சரி. டிபனும் சாப்பிட்டு, மாலையில் கொறிக்க 50 பாதாமும் என்றால் எடை ஏறத்தான் செய்யும். பாதாமில் சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட் மிகுதி என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்த அளவு எடுக்கவே கூடாது.

சைவர்களுக்கு மாவுச்சத்தில் 50 கிராமுக்குக் கீழே இறங்குவதைவிட, நாளுக்கு 90 கிராம் என்று வைத்துக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. பருப்பை விலக்காமல் புரதம் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாள் இப்படி அமையலாம்: காலையில் 100 கிராம் பன்னீரைக் குடைமிளகாய், வெங்காயத்தோடு வதக்கியது. மதியம் 30 கிராம் துவரம்பருப்பில் கெட்டியாக ஒரு கூட்டு, 250 கிராம் காய் பொரியல், 150 கிராம் தயிர், அரைக் கிண்ணம் சோறு. மாலையில் 30 கிராம் வறுத்த வேர்க்கடலை. இரவில் 30 கிராம் மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து காலிஃபிளவரோடு மிளகு வறுவல். புரதம் ஏறக்குறைய 60 கிராம் வந்துவிடும். வைட்டமின் பி12 அளவை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறேன். இந்த உணவுமுறையை ஆரம்பிக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

ஆரம்பிக்கும் நாளுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பித்த பிறகு அல்ல. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் இவை சாப்பாட்டில் மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்த்து வேலை செய்வதில்லை. சோற்றைப் பாதியாக்கி மாத்திரையை முழுதாகப் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, 70 மி.கி.க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கடுமையான லோ-கார்ப் இருந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தெரிந்தால் 'சுகர் 180 தானே' என்று வீட்டில் இருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த உணவுமுறை வேண்டாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளிகள் மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதுதான். நம் நாட்டில் 18,090 பேரின் உணவை ஆராய்ந்து 2022-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 'INDIAB' ஆய்வு, மாவுச்சத்தை மொத்தக் கலோரியில் 50 முதல் 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தை 20 சதவீதமாக்கச் சொல்கிறது. அது கீட்டோ அளவுக்குக் கடுமையானதல்ல. எந்த வயதிலும் தொடரக்கூடியது.

மூன்றாவது மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. நிறுத்திவிடவா?
– வாசகி, நாகர்கோவில்

வேகமாக எடை குறைந்த இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொட்டுவது சகஜம். எடை நிலைத்ததும் பெரும்பாலும் தானாக வளரும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தால் இது நீளும். உங்கள் எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் புரதமாவது சேர்கிறதா என்று மூன்று நாள் எழுதிப் பாருங்கள், ஹீமோகுளோபினும், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். அதோடு கொலஸ்ட்ரால் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சிலருக்கு நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் கூடியதும் எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் வேகமாக ஏறும். ஏறியிருந்தால் அவற்றைக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், மீன் என்று மாற்ற வேண்டும்.

கல்யாண விருந்து சாப்பிட்டு வந்த மறுநாள் 1.8 கிலோ ஏறியிருந்தது. இரண்டு நாள் பட்டினி இருக்கட்டுமா?
– வாசகர், கும்பகோணம்

வேண்டவே வேண்டாம். 1.8 கிலோ கொழுப்பு ஏற ஏறக்குறைய 14,000 கலோரி மிகையாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு பந்தி உட்கார்ந்தாலும் அது முடியாது. சோறும் பாயசமும் நிரப்பிய கிளைகோஜன், அப்பளம் ஊறுகாய் உப்பு, இவை பிடித்துவைத்த தண்ணீர், இன்னும் வயிற்றில் இருக்கும் சாப்பாடு, இவ்வளவுதான். பட்டினி கிடந்தால் மூன்றாம் நாள் இரவு பசி தாங்காமல் இரட்டிப்பாகச் சாப்பிடுவீர்கள். மறுநாள் காலையிலேயே வழக்கமான சாப்பாட்டுக்கு வந்துவிடுங்கள். நான்காம் நாள் காலையில் எடை பாருங்கள்.