கசந்தால் கொட்டிவிடுங்கள்: இயற்கை மருத்துவம் கேள்வி-பதில்

"வயது 46. மாத்திரை எதுவும் இல்லை. காலையில் கழிவறையில் அரை மணி நேரம் போகிறது. வாரம் ஒரு முறை எனிமா எடுத்துக்கொள்ளலாமா?" (மதுரை வாசகர்)

இந்த முறை வந்த கடிதங்களில் வயதையும் மாத்திரை விவரத்தையும் சேர்த்து எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். நன்றி.

எனிமா என்பது சிகிச்சையின் தொடக்கத்தில் இரண்டு மூன்று நாள் எடுப்பது, அதுவும் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில். அதையே வாடிக்கையாக்கினால் குடல் தன் வேலையை மறந்து எனிமாவுக்காகக் காத்திருக்கும். முதலில் தட்டைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறு, இரவு தோசை என்றால் மூன்று வேளையும் ஒரே அரிசிதான். ஒரு நாளைக்குச் சுமாராக 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். இந்தச் சாப்பாட்டில் அதில் பாதி வருவதே கஷ்டம். ஒரு நடுத்தரக் கொய்யாவில் 5 கிராம் கிடைக்கும். மதியம் ஒரு கப் கீரைப் பொரியல், மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், இவ்வளவு போதும். மேற்கத்தியக் கழிவறை என்றால் காலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு இடுப்புக் குளியல். தொட்டியில் தொப்புள் வரை குளிர்ந்த தண்ணீர், கால்கள் வெளியே. ஈரத்துணியால் அடிவயிற்றை வலமிருந்து இடமாக மெதுவாகத் தேய்த்தபடி 10 நிமிடம் உட்காருங்கள். ஜெர்மானியர் லூயி கூனே 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை இது. வீட்டில் துணி ஊறவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பே போதும். ஒன்று மட்டும்: உங்கள் வயதில் மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறியிருந்தாலோ, ரத்தம் தென்பட்டாலோ, டப்பில் உட்காராமல் நேராகக் குடல் மருத்துவரிடம் போங்கள்.

"ஆஸ்துமாவுக்கு நல்ல மூலிகை ஒன்று சொல்லுங்கள்." (கடலூர் வாசகர்)

ஆடாதொடை, தூதுவளை பற்றியெல்லாம் சித்த மருத்துவரிடம் கேளுங்கள். இயற்கை மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தே கிடையாது, மூலிகை உட்பட. உணவு, விரதம், தண்ணீர், மண், வெயில், மசாஜ், யோகா, மூச்சுப் பயிற்சி, இவைதான் எங்கள் கையிருப்பு. எத்தனை முறை எழுதினாலும் மாதம் பத்துக் கடிதமாவது 'என்ன கஷாயம்' என்றே வருகிறது. உங்களுக்கு மூச்சுப் பயிற்சி உதவும், இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிப்பதும் உதவும். இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"சைனஸ் தொல்லை. ஜல நேதி செய்யத் தொடங்கினேன். மூக்கு எரிகிறது." (கோவை வாசகி)

ஜல நேதி என்பது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது. உங்கள் தண்ணீரில் உப்பு குறைவு. அரை லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு சிறிய டீஸ்பூன் உப்பு, அதாவது சுமார் நான்கரை கிராம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். வெறும் தண்ணீர் மூக்கில் போனால் எரியத்தான் செய்யும். முடித்ததும் குனிந்து இரண்டு பக்கமும் மெதுவாக ஊதி ஈரத்தை வெளியேற்றுங்கள். தேங்கவிட்டால் தலைபாரம் கூடும்.

நீங்கள் எழுதாமல் விட்ட கேள்விதான் முக்கியம்: எந்தத் தண்ணீர்? குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கவேண்டும். குடித்தால் ஒன்றும் செய்யாத அமீபா, மூக்கு வழியே போனால் மூளையைத் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் நடந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். நேதிக் குவளையையும் கழுவிக் காயவையுங்கள்.

"எடை குறைய வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் குடிக்கிறேன். மூன்று மாதமாகப் பலன் இல்லை." (சேலம் வாசகி)

இருக்காது. கொழுப்பை எலுமிச்சை கரைக்காது. ஒரு மேசைக்கரண்டி தேனில் 60 கலோரி இருக்கிறது. வெந்நீரை மட்டும் குடியுங்கள், மிச்சம்.

"என் கணவர் (பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார்) தினமும் வெறும் வயிற்றில் சுரைக்காய், பாகற்காய், வாழைத்தண்டு, கீரை எல்லாம் சேர்த்து அரைத்து ஒரு பெரிய டம்ளர் குடிக்கிறார். இயற்கைதானே, கெடுதல் இல்லை என்கிறார். சரியா?" (திருச்சி வாசகி)

சரியில்லை. உங்களுக்கு மட்டுமல்ல, பூங்கா வாசலில் பச்சை நிறத்தில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் குடிக்கும் எல்லோருக்குமாகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சுரைக்காய் நல்ல காய். ஆனால் சில காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் கூடிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, கசப்பில்தான் தெரியும். அப்படிப்பட்ட சாற்றைக் குடித்தால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது வரை போகலாம். மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளுக்கு மட்டுமே சிகிச்சை தர முடியும். நம் நாட்டில் இதனால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமே நிபுணர் குழு போட்டு ஆராய்ந்தது. அது சொன்ன அறிவுரை எளிமையானது: நறுக்கும்போது ஒரு சிறு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள், கசந்தால் முழுக் காயையும் கொட்டிவிடுங்கள், சுரைக்காய்ச் சாற்றை வேறு சாற்றோடு கலக்காதீர்கள்.

கடைசி வரியைக் கவனியுங்கள். உங்கள் கணவர் சுரைக்காயைப் பாகற்காயோடு சேர்த்து அரைக்கிறார். கசப்பு எதிலிருந்து வருகிறது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆபத்தைச் சொல்ல நாக்கு ஒன்றுதான் இருந்தது, அதையும் பாகற்காய் போட்டு ஏமாற்றியாயிற்று. அதிலும் 'கசந்தால்தான் மருந்து' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பவர்கள் நம் ஊரில்தான் அதிகம்.

அடுத்தது கீரை. பொரியலாக ஒரு கப் சாப்பிடுவதில் ஒரு தொல்லையும் இல்லை. பசலை போன்ற கீரைகளைப் பச்சையாக ஒரு கட்டு அரைத்து தினமும் குடித்தால், சிறுநீரகக் கல்லை உண்டாக்கும் ஆக்சலேட் என்ற உப்பின் அளவு எகிறும். வேகவைத்து நீரை வடித்தால் அதில் ஒரு பங்கு போய்விடும், மிக்ஸியில் போகாது. கல் வருவது ஒரு பக்கம், சிறுநீரகமே பழுதாகலாம். கொழுப்பைக் குறைக்கும் என்று ஆக்சலேட் மிகுந்த, புளிப்பான பிலிம்பிக்காயின் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் காயும் மரத்தில் காய்த்த இயற்கைதான்.

வாழைத்தண்டு, இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் கணிசமாக உண்டு. ஒரு இளநீரிலேயே ஏறக்குறைய 500 மில்லிகிராம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கும், சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுபவருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும், இதயத்துடிப்பைக் குழப்பும். உங்கள் கணவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதவில்லை. மாத்திரையின் பெயரை எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல?

இன்னொன்றும் இருக்கிறது. மெல்ல வேண்டிய காயை அரைத்து, நாரை வடிகட்டி எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் குடிப்பதை இயற்கை மருத்துவம் என்று யார் சொன்னது? நாங்கள் சாறு கொடுப்பது விரத நாட்களில், அளவோடு, நோயாளி கண் எதிரில் இருக்கும்போது. மற்ற நாட்களில் பற்களுக்கு வேலை கொடுங்கள். உங்கள் கணவருக்குச் சுரைக்காய் அவ்வளவு பிடித்திருந்தால் கூட்டு வையுங்கள், ருசி பார்த்துவிட்டு.

"சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஏழு நாள் பழச்சாறு விரதம் இருந்தால் சர்க்கரை அடியோடு போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்." (நாகர்கோவில் வாசகர்)

பட்டினியோடு மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும்: வியர்வை, நடுக்கம், மயக்கம். இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு இது விளையாட்டல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டுப் பழச்சாறு குடித்தால் அதற்கு நேர்மாறாக ஏறும். உணவு மாற்றத்தாலும் எடைக் குறைப்பாலும் சிலருக்கு மாத்திரை குறைந்திருக்கிறது, நின்றும் இருக்கிறது. உண்மை. ஆனால் அது மாதக் கணக்கில், ரத்தப் பரிசோதனையோடு, மருந்து கொடுத்த மருத்துவர் சம்மதத்தோடு நடப்பது. மறுபடியும் சொல்கிறேன், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"மண்பட்டிக்கு வீட்டுத் தோட்டத்து மண் போதுமா? வாழை இலைக் குளியலை மொட்டை மாடியில் நாமே செய்யலாமா?" (தஞ்சாவூர் வாசகி)

தோட்டத்து மேல்மண் கூடாது. உரமும் பூச்சிமருந்தும் பூனைக் கழிவும் அதில்தான் இருக்கும். மூன்று நான்கு அடி ஆழத்தில் எடுத்த களிமண்ணையோ புற்றுமண்ணையோ வெயிலில் நன்றாகக் காயவைத்து, இடித்து, சலித்து, முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் தோசை மாவைவிடக் கெட்டியாக, கையில் ஒட்டாமல் திரண்டு வரவேண்டும். மெல்லிய பருத்தித் துணியில் அரை அங்குலக் கனத்துக்குப் பரப்பி மடித்து, வெறும் வயிற்றில் தொப்புளுக்குக் கீழே வையுங்கள். காந்தியும் மலச்சிக்கலுக்கு வயிற்றில் மண்பட்டி வைத்துக்கொண்டவர்தான். 20 முதல் 30 நிமிடம். குளிரெடுத்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய மண்ணை அடுத்தவருக்கு வைக்காதீர்கள். புண் இருக்கும் இடத்தில் மண் படவே கூடாது.

வாழை இலைக் குளியல் வேண்டாம், தனியாக வேண்டவே வேண்டாம். உடம்பு முழுக்க இலையைச் சுற்றிக் கயிற்றால் கட்டி வெயிலில் படுக்கவைத்தால் சில நிமிடங்களில் வியர்வை ஊற்றெடுக்கும். நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கவேண்டும், தலையில் ஈரத்துணி வேண்டும், முகம் திறந்திருக்கவேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும். மயக்கம் வந்தால் கட்டை நீங்களே அவிழ்க்க முடியாது. இதய நோய், குறைந்த பி.பி., கர்ப்பம் உள்ளவர்களுக்கு அறவே கூடாது.

"தினமும் காலை 6.30 மணிக்கு வெயிலில் நிற்கிறேன். ஆனாலும் வைட்டமின் டி குறைவு என்று ரிப்போர்ட்." (சென்னை வாசகர்)

இளவெயில் சுகமானது, தூக்க நேரத்தைச் சீராக்கும். ஆனால் வைட்டமின் டி-க்குத் தேவையான புறஊதா பி கதிர் அப்போது பெயரளவுக்குத்தான் இருக்கும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில், கை கால் முதுகில் படும்படி 15, 20 நிமிடம் நில்லுங்கள். கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மே மாதத்தில் வீரம் காட்டவேண்டாம். ரிப்போர்ட்டில் அளவு மிகக் குறைவென்றால் மருத்துவர் தரும் மாத்திரையைச் சாப்பிடுங்கள். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

"தலைவலி வந்தால் என்ன செய்யலாம்?" (ஊர் குறிப்பிடவில்லை)

வயது இல்லை, எத்தனை நாளாக என்று இல்லை, எந்தப் பக்கம் என்று இல்லை. சரி, டென்ஷன் தலைவலி என்றே வைத்துக்கொள்கிறேன். கெண்டைக்கால் வரை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கால்களை வைத்து, தலையில் ஈரத்துணி போட்டு, 10 நிமிடம் உட்காருங்கள். கடைசியில் காலில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இதைச் செய்யவேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும். இடிபோல் திடீரென்று வந்த தலைவலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்த தலைவலி, கை கால் தளர்ச்சியோடு வந்த தலைவலி, எதுவானாலும் ஆஸ்பத்திரிக்கு.

"அம்மாவுக்கு 62 வயது, 78 கிலோ, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எண்ணெய் தேய்த்தால் சரியாகுமா?" (வேலூர் வாசகி)

தேய்க்கும்போது சுகமாக இருக்கும், அவ்வளவே. தேய்ந்த குருத்தெலும்பு எண்ணெயில் வளராது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறையும். ஐந்து கிலோ குறைத்துப் பாருங்கள். கூடவே தொடைத்தசைக்குப் பயிற்சி: காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்தாறு விநாடி பிடித்து விடவேண்டும். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் குளிர் ஒத்தடம், இறுகிப்போன நாளில் வெந்நீர் ஒத்தடம். தரையில் சம்மணம், வஜ்ராசனம் இப்போதைக்கு வேண்டாம்.

"நெஞ்செரிச்சல். இரவு 10.30-க்குச் சாப்பிட்டு 11-க்குப் படுக்கிறேன். எந்த ஆசனம் நல்லது?" (ஓசூர் வாசகர்)

8 மணிக்குச் சாப்பிடும் ஆசனம். ஷிஃப்ட் வேலை என்றால் கனமான சாப்பாட்டை மாலையில் முடித்துக்கொண்டு, இரவில் கொஞ்சமாக எதையாவது சாப்பிடுங்கள். இடதுபக்கம் சாய்ந்து படுங்கள்.

"தூக்கம் வரவில்லை. காபி நிறுத்தவேண்டுமா? மாலை ஆறு மணிக்கு ஒன்றுதான் குடிக்கிறேன்." (காரைக்குடி வாசகி)

அந்த ஒன்றுதான் பிரச்சினை. அதில் பாதி காஃபீன் இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியம் இரண்டு மணிக்குள் குடித்து முடியுங்கள்.

"எங்கள் ஊரில் ஒருவர் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு முடித்து 'இயற்கை மருத்துவர்' என்று போர்டு வைத்திருக்கிறார். போகலாமா?" (விழுப்புரம் வாசகர்)

இயற்கை மருத்துவத்துக்கும் யோகாவுக்குமான பி.என்.ஒய்.எஸ். பட்டம் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவும் உண்டு, அங்கே போங்கள். தனியாரிடம் போவதென்றால் பட்டத்தையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். 'எல்லா மாத்திரையையும் இன்றே தூக்கிப் போடு' என்று முதல் நாளே சொன்னால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.