24க்கு 12 அடி வீட்டு நீச்சல் குளத்துக்கு வயர் இல்லாத ரோபோ கிளீனர் சரிப்படுமா?

கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவு: கோவைப் பக்கம் தோட்டத்து வீடு. 24க்கு 12 அடிக் குளம், ஆழம் மூன்றரை அடியில் தொடங்கி ஐந்தரை வரை போகிறது. உள்ளே நீல மொசைக் டைல்ஸ். போர் தண்ணீர். கரையோரம் ஒரு வேப்பமரம், நான்கு தென்னை. வாரம் இரண்டு தடவை வந்து வேக்குவம் போட்டுக்கொண்டிருந்த ஆள் நின்றுவிட்டார். பேட்டரியில் ஓடும் ரோபோ வாங்கினால் வேலை நடக்குமா, எதைப் பார்த்து வாங்குவது?

நடக்கும். ஆனால் முழு வேலையும் அல்ல. ரோபோ செய்வது ஒன்றுதான்: அடியில் படிந்ததையும் சுவரில் ஒட்டியதையும் பிரஷால் கிளப்பி, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி, வலைக்கூடையில் அழுக்கை நிறுத்திக்கொண்டு தண்ணீரை வெளியே தள்ளும். மேலே மிதப்பது அதற்கு எட்டாது (மேல்பரப்பையும் அள்ளும் மாடல்கள் வந்திருக்கின்றன, விலை வேறு ரகம்). தண்ணீரில் கரைந்திருப்பதும், வலைக்கண்ணைவிடச் சின்னதும் அகப்படாது. ஆகவே பம்பும் சாண்ட் ஃபில்டரும் குளோரினும் இப்போது போலவே தொடர வேண்டும். ரோபோ வந்ததும் பம்ப் ஓடும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, பத்தே நாளில் தண்ணீர் கலங்கிப் போய், மெஷின் சரியில்லை என்று திட்டுபவர்கள் நிறைய.

முதலில் உங்கள் குளத்தை அளந்து பாருங்கள். தரை 24 × 12 = 288 சதுர அடி. சுற்றுச் சுவர் 72 அடி, சராசரி ஆழம் நாலரை அடி என்றால் 324 சதுர அடி. அதாவது தரையைவிடச் சுவர்தான் அதிகம். சின்னக் குளங்களில் பெரும்பாலும் இப்படித்தான். ‘இத்தனை சதுர அடி வரை’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் தரைக்கணக்கு. சுவர் ஏறும்போது மோட்டார் தன் எடையையும் தூக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டி நிற்கும் உறிஞ்சு வேகத்தையும் விடாமல் தர வேண்டியிருப்பதால் பேட்டரி வேகமாக இறங்கும். 90 நிமிடம் என்று போட்டிருந்தால் உங்கள் குளத்தில் தரைக்குச் சரியாக இருக்கும். தரையும் சுவரும் ஒரே சார்ஜில் வேண்டுமென்றால் 120 முதல் 150 நிமிடம் போட்டிருக்கும் மாடலைப் பாருங்கள். அந்த எண்ணும் புதுப் பேட்டரி, காலிக்கூடை வைத்துச் சொன்னது.

பேட்டரியை ஒப்பிடும்போது மில்லியாம்ப் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்றில் 7,500 மில்லியாம்ப்-அவர், 11.1 வோல்ட். இன்னொன்றில் 5,200, ஆனால் 25.9 வோல்ட். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் முதலாவது 83 வாட்-அவர், இரண்டாவது 135. பெரிய எண் போட்டதில்தான் சரக்கு குறைவு.

அடுத்தது பிரஷ். இங்கே பெரும்பாலான விற்பனையாளர்களுக்கே விவரம் தெரிவதில்லை. பலவற்றோடும் வருவது பி.வி.சி. ரப்பர்ப் பற்கள் வைத்த பிரஷ். சிமென்ட் பூச்சு, வினைல் ஷீட் போட்ட குளங்களுக்கு அது சரி. வழுவழுப்பான டைல்ஸில், அதுவும் மெல்லிய பாசி வழுக்கல் இருந்தால், அது பிடி கிடைக்காமல் இரண்டடி ஏறிச் சறுக்கும். மறுபடி ஏறும், மறுபடி சறுக்கும். பேட்டரி தீரும்வரை இதே கூத்துதான். டைல்ஸுக்கு ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும் பி.வி.ஏ. பிரஷ் வேண்டும். காய்ந்திருக்கும்போது கட்டை போல இருக்கும், நனைந்ததும் மெத்தென்று டைல்ஸைக் கவ்வும். வாங்கப்போகும் மாடலுக்கு அது தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் சுவர் ஏறும் வசதிக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. தரை மட்டும் ஓடும் மாடலை எடுத்துக்கொண்டு, சுவரை வாரம் ஒருமுறை கைப்பிரஷால் தேய்த்துவிடலாம். நாலரை அடிச் சுவருக்கு அது அரைமணி வேலை.

கூடையின் வலைக்கண் 180 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது பரவலாக வருவது. நம் தலைமுடியின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான்தான். இலை, பூ, மணல், பூச்சி எல்லாம் 180இல் நிற்கும். செம்மண் தூசியும் செத்த பாசியும் புகுந்து வெளியே போய்விடும். அதற்காக 50 மைக்ரானோ அதற்கும் கீழேயோ உள்ள உள்வலையைத் தனியாகக் கொடுக்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் எப்போதும் மாட்டி வைக்காதீர்கள். மாசி, பங்குனியில் வேம்பு இலை கொட்டும்போது நுண்வலையோடு இறக்கினால் கால்மணியில் அடைத்துக்கொண்டு உறிஞ்சும் வேகமே போய்விடும். சுவரிலிருந்து பொத்தென்று விழும். முதல் ஓட்டம் பெரிய வலையில், கழுவிவிட்டு அடுத்த ஓட்டம் நுண்வலையில். கூடை மூன்று லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் உங்கள் மரங்களுக்கு நல்லது. தென்னங்குரும்பையும் பாளைச் சிம்பும் எந்த மெஷினுக்கும் ஆகாது, வாயில் சிக்கி நின்றுவிடும். அவற்றைக் கைவலையால் முதலில் எடுத்துவிடுங்கள்.

குளத்தின் வடிவத்தையும் ஒருதரம் பாருங்கள். ஒன்றரை அடிக்குக் குறைவான ஆழத்தில் ரோபோ காற்றை இழுத்து மிதக்கும், ஆகவே படிக்கட்டின் மேல் இரண்டு படியை நீங்கள்தான் தேய்க்க வேண்டும். நடுவே மெயின் டிரெயின் (அடியில் தண்ணீரை இழுக்கும் துவாரம்) மூடி கவிழ்த்த கிண்ணம் போல மேடாக இருந்தால் சக்கரம் வைத்த சின்ன மாடல்கள் அதன்மேல் ஏறி வயிறு தட்டி நின்றுவிடும். தட்டை மூடியாக மாற்றுவது மலிவான வைத்தியம். நாலு பக்கமும் தண்ணீர் வழியும் ஓவர்ஃப்ளோ குளம் என்றால் சுவர் மோட் வேண்டாம், விளிம்பில் காற்றை இழுத்துக் கீழே விழும்.

செயலி, வைஃபை என்று விளம்பரத்தில் வருவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் அந்த அலையை விழுங்கிவிடும், மெஷின் ஓரடி இறங்கியதும் போனுக்குத் தொடர்பு அறுந்துவிடும். மோட் மாற்றுவது, அட்டவணை போடுவது எல்லாம் கரையில் வைத்து முன்கூட்டியே செய்வதுதான். அதைவிட முக்கியம் ஓடும் வழி. மோதித் திரும்பும் ரகம் ஒரே இடத்தைப் பத்து முறை துடைத்து ஒரு மூலையை விட்டுவிடும். கைரோஸ்கோப் என்ற திசை உணரும் கருவி வைத்து வரிவரியாக ஓடுவது அதே பேட்டரியில் கூடுதல் இடத்தை முடிக்கும். செவ்வகக் குளம் என்பதால் உங்களுக்கு இரண்டாவதே லாபம்.

வயர் வைத்தது நல்லதா என்றும் சிலர் கேட்பார்கள். வயர் ரோபோவில் கரையில் இருக்கும் பெட்டி 230 வோல்ட்டை இருபத்துச் சொச்சம் வோல்ட் டி.சி.யாகக் குறைத்துத்தான் தண்ணீருக்குள் அனுப்புகிறது, ஆகவே ‘ஷாக் அடிக்கும்’ என்று பயமுறுத்துவது வியாபாரப் பேச்சு. அதில் பேட்டரி இல்லாததால் ஆயுளும் கூடுதல். தொல்லை வயர் முறுக்கிக்கொள்வதும், கரையருகே பிளக் தேடுவதும். தோட்டத்தில் பிளக் தூரமாக இருந்தால் பேட்டரி ரகமே வசதி.

இனி ஓட்டும் முறை. இரவு ஒன்பது மணிக்கு பம்பை நிறுத்திவிடுங்கள். தூசியெல்லாம் விடிவதற்குள் படிந்துவிடும். காலை ஆறு மணிக்கு, யாரும் இறங்குவதற்கு முன், ரோபோவைப் போடுங்கள். பம்ப் ஓடும்போதே போட்டால் வடிகட்டிய தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பி விடும் ரிட்டர்ன் குழாயின் வேகம் படிந்ததைக் கிளப்பிவிடும், எடை குறைந்த மெஷினைத் திசையும் திருப்பிவிடும். கரையிலிருந்து தூக்கி எறியக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கி, இப்படியும் அப்படியும் சாய்த்து, குமிழி வருவது நிற்கும்வரை பிடித்திருந்து விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நொண்டும். புது மெஷின் சுவர் ஏறவில்லை என்று வரும் புகாரில் பாதி இந்தக் காற்றுதான்.

பேட்டரி தீரும்போது சுவரோரம் வந்து நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள். எப்போதும் வராது, கொக்கியும் நீளக் கம்பும் கைவசம் இருக்கட்டும். மேலே இழுத்ததும் உடனே தூக்காதீர்கள். உள்ளே லிட்டர் கணக்கில் தண்ணீர் இருக்கும், விளிம்பில் பத்துப் பதினைந்து நொடி பிடித்து வடிய விடுங்கள். அந்த நேரத்தில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பழுப்பாகக் கலங்கல் ஒழுகினால், உறிஞ்சும் வாயில் இருக்கும் சின்னக் கதவு மூடவில்லை என்று பொருள். அழுக்கு உள்ளே போக மட்டும் திறக்கும் மெல்லிய பிளாஸ்டிக் மடல் அது. ஒரு வேப்பிலை ஈர்க்கு குறுக்கே கிடந்தால் போதும், மடல் திறந்தபடி நின்று, இரண்டு மணிநேரம் சேர்த்ததைத் தூக்கும்போது குளத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடும். விரலால் ஈர்க்கை எடுத்துவிட்டு மடல் தானாக விழுகிறதா என்று பாருங்கள்.

கூடையை அப்போதே குழாயடியில் கழுவிவிடுங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வழுக்கல் காய்ந்து வலைக்கண்ணில் ஒட்டிவிடும், பிறகு தேய்த்தால் வலை கிழியும். போர் தண்ணீரின் உப்புப் படிவம் வெள்ளையாகப் பிடித்தால் ஒரு பக்கெட்டில் வினிகர் கலந்த தண்ணீரில் அரைமணி ஊறப்போடலாம், ஆசிட் வேண்டாம். மாதம் ஒருமுறை, மெஷினை அணைத்துவிட்டு, மேல் துவாரத்தின் மூடியைக் கழற்றி உள்ளே சுற்றும் விசிறியைப் பாருங்கள். முடியும் தேங்காய் நாரும் தண்டில் சுற்றிக்கொண்டிருக்கும். சத்தம் கூடி உறிஞ்சல் குறைந்தால் முதல் சந்தேகம் அங்கேதான்.

ரோபோ போகும் பாதையில் பின்னால் பச்சைப் புகை மாதிரி எழுந்தால் அது மெஷின் கோளாறு அல்ல, பாசி. முதலில் பி.எச்.சை 7.2க்குக் கொண்டுவாருங்கள். உங்கள் குளத்தில் சுமார் 36,700 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. குளோரினை 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) ஏற்ற 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் தூள் சுமார் 560 கிராம் வேண்டும். வெயில் சாய்ந்தபின், பக்கெட் தண்ணீரில் தூளைப் போட்டுக் கரைத்து ஊற்றுங்கள். தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. டி.சி.சி.ஏ. என்ற இன்னொரு ரகக் குளோரின் மாத்திரை கிடந்த பக்கெட்டில் இதைக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும். சுவரைத் தேய்த்து, இரவு முழுக்க பம்பை ஓட விடுங்கள். குளோரின் 4 பி.பி.எம்முக்குக் கீழே இறங்கியபின்தான் ரோபோ, இல்லாவிட்டால் ரப்பர்ச் சீல்களைத் தின்றுவிடும்.

போர் தண்ணீர் நிரப்பிக் குளோரின் போட்டதும் டீ நிறமாக மாறினால் அது இரும்பு. அந்தத் துகளை எந்த ரோபோ வலையும் பிடிக்காது. படிகாரம் போட்டுப் படிய வைத்து, சாண்ட் ஃபில்டர் வால்வை, தண்ணீர் குளத்துக்குத் திரும்பாமல் வெளியே போகும் ‘வேஸ்ட்’டில் திருப்பி, பழைய முறையில் கைவேக்குவம் போட்டு வெளியேற்றுவதுதான் வழி. அந்தக் கூழ் போன்ற படிவில் ரோபோவை இறக்கினால் வலை ஒரேயடியாக அடைக்கும், மிச்சம் கலங்கும்.

மெஷின் சீக்கிரம் சாவது பெரும்பாலும் சார்ஜ் துவாரத்தால்தான். அதன் ரப்பர் மூடிக்கு அடியில் ஒரு மணல் துகள் உட்கார்ந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கும். மூடுமுன் விரலால் ஒருதரம் துடையுங்கள். சார்ஜ் போடுமுன் துவாரத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி, நிழலில் அரைமணி வையுங்கள். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் பின்களில் பச்சை பூத்து, பிறகு விளக்கு எரியும், ஆனால் சார்ஜ் ஏறாது. சார்ஜரே தண்ணீர் தாங்காது, அது வீட்டுக்குள் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து யாரேனும் வாங்கி வந்தால் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். 120 மட்டும் என்றால் நம் பிளக்கில் போட்ட நொடி காலி.

வாங்கும் இடத்தில் பேட்டரி, டிராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை), பிரஷ், கூடை நான்கும் தனித்தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பொருளை விமானக் கூரியரில் சுலபமாக அனுப்ப முடியாது; சர்வீஸ் ஊருக்குள் இல்லையென்றால் வாரன்டி வெறும் காகிதம். வாரம் இரண்டு முறை என்றால் வருடத்துக்கு நூறு சார்ஜ்தான் ஆகும், அதனால் மட்டும் பேட்டரி சீக்கிரம் தேயாது. கரையில் வெயிலில் கிடந்தால் வேகமாகத் தேயும். மழைக்காலத்தில் ஓட்டாமல் வைப்பதானால் பாதி சார்ஜில் அணைத்து, காய்ந்த அறையில், டிராக் தரையில் நசுங்காதபடி ஸ்டாண்டில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதிவரை ஏற்றி வையுங்கள்.