முப்பது மில்லி

அன்புள்ள ஐயா,

நான் உயிரியல் மாணவன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972லிருந்து இருக்கிறது, அழிவு மட்டும் நிற்கவில்லை. மேற்படிப்பில் களஆய்வுக்குப் போவதா, சுற்றுச்சூழல் சட்டம் படிப்பதா என்று குழப்பம். வீட்டில் இரண்டுக்குமே எதிர்ப்பு. காகிதத்தில் உள்ள சட்டத்தால் ஒரு பறவையாவது பிழைத்திருக்கிறதா?

ச.

அன்புள்ள ச.,

வீட்டு எதிர்ப்பை நீங்கள்தான் பேசித் தீர்க்கவேண்டும். அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் உங்கள் கடைசி வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. உயிரியல் படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியா இது? செத்த கால்நடைகளைத் தின்று வாழும் பாறு கழுகுகளைப் பற்றி உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா? சில நாட்களாக எனக்கு அந்த நினைப்புதான்.

என் பெரியப்பா வீட்டில் மாடு படுத்துவிட்டால் ஊசி போடுகிறவரைக் கூட்டிவருவார்கள். மறுநாள் அது எழுந்து தண்ணீர் குடித்தால்தான் பெரியம்மா சாப்பிடுவாள். என்ன மருந்து என்று யாரும் கேட்டதில்லை. நாடு முழுக்க இப்படித்தான் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து மாடுகளுக்குள் போனது. ஒருவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, மாட்டின் வலியைப் பொறுக்கமுடியாமல் போட்டதுதான். ஊசி போட்டும் பிழைக்காத மாட்டைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படிந்தது. காரணம் இதுதான் என்று 2004ல் உறுதியானது. அதற்குள், 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் சிலவே மிஞ்சியிருந்தன.

2006ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை அரசு தடைசெய்தது. ஆனால் மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் 30 மில்லி குப்பியில் தாராளமாகக் கிடைத்தது. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். அப்படியானால் 30 மில்லி யாருக்கு? கடைக்காரருக்குத் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2015ல்தான் ஒரு வேளைக்கான 3 மில்லிக் குப்பி மட்டுமே விற்கலாம் என்று ஆணை வந்தது. மாட்டுக்குப் போட வேண்டுமென்றால் இனி நாலைந்து குப்பிகளை உடைக்கவேண்டும், செலவும் கூடும். மருந்து நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது.

நீங்கள் 'காகிதம்' என்று தள்ளிவிடுவது இதைத்தான். காட்டுக்குள் ஒருவரும் கால் வைக்காமல், குப்பியின் அளவைக் குறைத்து ஒரு பறவையைக் காக்க முயன்ற ஆணை இது.

ஒரு கணக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பாறுகள் கூட்டமாக இறங்கி உண்பவை. செத்த கால்நடைகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் கொல்லும் அளவுக்கு மருந்து இருந்தாலே போதும், நாம் பார்த்த அந்தச் சரிவு வந்துவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தடையை மதித்தாலும் பாறுக்குப் போதாது. இதைப் புரிந்துகொள்ளாமல் சட்டம் தோற்றது என்று சொல்லாதீர்கள். பாதி எழுதிய சட்டம் தோற்றது, அவ்வளவுதான். மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும் அசிக்ளோஃபினாக் என்ற இன்னொரு வலி மருந்தைத் தடைசெய்ய 2023 வரை எடுத்துக்கொண்டார்களே, அந்தத் தாமதத்தின் மேல் கோபப்படுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுகிறேன்.

ஒரு பறவையாவது பிழைத்ததா என்றால், பிழைத்தது. தடைக்குப்பின் இங்கே சரிவின் வேகம் தணிந்தது. அதே 2006ல் தடைசெய்த நேபாளத்தில் எண்ணிக்கை மெல்ல ஏறியிருக்கிறது. நம் மாயாறு பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறு இன்னும் கூடு கட்டுகிறது.

படிப்பைக் கேட்டீர்கள் அல்லவா? எதில் சேர்ந்தாலும் சரி, கால்நடை மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வாரமே உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரைப் போய்ப் பாருங்கள். பாறுகளுக்குத் தீங்கில்லாத வலி மருந்தான மெலாக்சிகாம் அவரிடம் கையிருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் வலிக்கு எதைப் போடுகிறார் என்று கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.