இரக்கம் உங்களோடது, வேலை யாரோடது?

கேள்வி: திருப்பாப்புலியூர் லாரன்ஸ் ரோடுல சின்னதா ரெடிமேட் கடை வச்சிருக்கேன். வேலைக்கு ரெண்டு பேர். ஒரு பொண்ணோட அம்மாவுக்கு ஜிப்மர்ல டயாலிசிஸ், அடிக்கடி லீவு போடுறா, பாவம்னு நான் சம்பளம் புடிக்கிறதில்ல. இன்னொரு அக்கா லீவே போட மாட்டாங்க, 2024 டிசம்பர்ல தென்பெண்ணை தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்பகூட மூணாம் நாள் வந்துட்டாங்க. இப்ப மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க. தீபாவளி போனஸ் ரெண்டு பேருக்கும் ஒண்ணா குடுக்கலாமா?
- வாசகி, கடலூர்

பதில்: போனஸ் ஒண்ணாவே குடுங்க சகோதரி, அதுல லீவு கணக்க தீக்காதீங்க. ஆனா பிரச்சனை போனஸே இல்ல.

சாத்தனூர் அணையத் தொறந்து விட்டு ஊரே மெதந்தப்ப அந்த அக்கா வீட்ல பாய் தலகாணி, அரிசி மூட்டை என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா? மூணாம் நாள் வந்தாங்கன்னு பெருமையா எழுதுறீங்க, என்ன செஞ்சு குடுத்தீங்கன்னு ஒரு வரி இல்ல. அழுத புள்ளைக்குதான் பாலுன்னு ஆயிடுச்சு உங்க கடைல. அந்தப் பொண்ணு வராத நாள்ல பண்டல் பிரிக்கிறது, கலைச்சுப் போட்ட சுடிதார மடிச்சு அடுக்குறது, சைஸ் மாத்த வர்றவங்ககிட்ட மல்லுக்கட்டுறது எல்லாம் அக்கா தலைல, இரக்கப்பட்ட நல்ல பேரு மட்டும் உங்களுக்கு. இத பொறாமைன்னு சொல்லிடாதீங்க.

டயாலிசிஸ் திடீர்னு வர்ற காய்ச்சல் இல்லையே, பெரும்பாலும் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல, எந்தக் கெழமைன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. அப்புறம் எதுக்கு காலைல ஒம்பது மணிக்கு "இன்னைக்கு வரல"ன்னு போனு? அந்தக் கெழமைய எழுதி வாங்கிக்குங்க, ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டுலேர்ந்து திரும்பி வந்து சாயங்காலம் கூட்ட நேரத்துக்கு நிக்க முடியுமான்னு கேளுங்க, முடியலன்னா விடுங்க. அன்னைக்கு தனியா நிக்கிற அக்காவுக்கு எக்ஸ்ட்ரா பேட்டா போடுங்க, அது உங்க கைக்காசா இருக்கட்டும், பொண்ணு சம்பளத்துல கைய வைக்காதீங்க. (வர்ற கஸ்டமர்கிட்டல்லாம் அவ அம்மா கிட்னி கதைய சொல்லிக்கிட்டிருந்தீங்கன்னா அதையும் நிறுத்துங்க, இது என் சந்தேகம்தான்.)

தீபாவளி கூட்டம் ஆரம்பிச்சா ஒருத்தருக்கும் பேச நேரம் இருக்காது, இந்த வாரமே ரெண்டு பேரையும் உக்கார வச்சு ஏற்பாட்ட சொல்லிடுங்க. அக்காகிட்ட உங்களுக்கு எப்ப லீவு வேணும்னு தனியா கேளுங்க. ஒண்ணும் வேணாம்மானுதான் சொல்லுவாங்க, அத நம்பி எந்திரிச்சுடாதீங்க, இன்னொரு தடவ கேளுங்க.