அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், ஜெர்மனியில் இறந்தார். பணிப் பதிவுகளைக் கேட்க இறப்புச் சான்றிதழை எங்கே வாங்குவது?

என் மாமனாருக்காக நாங்களும் இதைச் செய்தோம். அவர் 1970களில் ராணுவத்திலிருந்து விலகி, ஜெர்மனியிலேயே தங்கி, அங்கேயே காலமானவர்.

அலைய ஆரம்பிக்கும் முன் அப்பா எந்த ஆண்டு விலகினார் என்று பாருங்கள். 62 ஆண்டுகள் கடந்திருந்தால் கோப்பு பொது ஆவணமாகியிருக்கும். யாரும் கேட்கலாம், இறப்புச் சான்றே வேண்டாம். நகலுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

62 ஆகவில்லை என்றால், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும், ராணுவப் பணிக் கோப்புகளை வைத்திருக்கும் பதிவு மையம் நெருங்கிய உறவுக்குத்தான் முழுக் கோப்பையும் தரும். மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், அவ்வளவுதான். பேரப்பிள்ளைகள் இந்தப் பட்டியலில் இல்லை, மருமகனும் இல்லை. பணிப் பதிவுகளைக் கேட்பதற்கான எஸ்எஃப் 180 படிவத்தை நிரப்பியது நான், கையெழுத்துப் போட்டது என் மனைவி.

இறப்புக்குச் சான்றாக இறுதிச் சடங்கு நடத்தியவர்களின் கடிதத்தையோ பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பையோகூட ஏற்கிறார்கள். வீட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். எங்களிடம் எதுவும் இல்லை.

அப்பா அமெரிக்கக் குடிமகனாக இருந்து, இறப்பை அப்போதே தூதரகத்தில் தெரிவித்திருந்தால், வெளிநாட்டில் இறந்த அமெரிக்கருக்கான தூதரக இறப்பு அறிக்கை ஒன்று இருக்கும். அது ஆங்கிலத்திலேயே இருப்பதால் மொழிபெயர்ப்பு வேலை இல்லை. அம்மாவையோ சித்தப்பாவையோ கேட்டுப் பாருங்கள், பழைய காகிதக் கட்டுக்குள் கிடக்கலாம். என் மாமனார் விஷயத்தில் தூதரகத்துக்கு யாருமே சொல்லவில்லை. அந்த நேரத்துத் துக்கத்தில் யாருக்கு இதெல்லாம் தோன்றும்?

அப்புறம் இருப்பது உள்ளூர்ச் சான்றிதழ்தான். ஜெர்மனியில் அதைத் தருவது ஷ்டாண்டஸ்அம்ட் என்ற குடிமைப் பதிவு அலுவலகம். இங்கேதான் நாங்கள் தவறு செய்தோம். அவர் குடியிருந்த ஊருக்கு எழுதிவிட்டோம். உயிர் பிரிந்தது பக்கத்து ஊர் மருத்துவமனையில். பதிவு இறந்த இடத்தில்தான் இருக்கும், வாழ்ந்த இடத்தில் அல்ல. ஆறு வாரம் வீண். மனைவி அந்த வாரங்களில் தினமும் தபால் பெட்டியைப் போய்ப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கேட்கும்போது பன்மொழி வடிவமான 'சர்வதேச' இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். அதில் தலைப்புகள் ஆங்கிலத்திலும் இருக்கும். நீங்கள் மகன் அல்லது மகள் என்பதற்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ் நகலையும் அடையாள அட்டை நகலையும் சேர்த்து அனுப்புங்கள். இறந்து 30 ஆண்டுகள் தாண்டிவிட்டால் பதிவேடு ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கும், அங்கே எழுத வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் உடையக் கூடாது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் மையத்தில் தீப்பிடித்து 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. உங்கள் அப்பா அந்தக் காலத்தவர் என்றால் பணி எண், படைப்பிரிவு, விலகிய தேதி என்று தெரிந்த அத்தனையையும் படிவத்தில் எழுதுங்கள். சம்பளப் பதிவு போன்ற மற்ற ஆவணங்களிலிருந்து ஓரளவு திரட்டித் தருகிறார்கள். அதுவும் பெரிய விஷயம்தான்.